மதிப்புரையும் ஒரு சாட்சியமே!

புதிய திரைப்படமொன்று வெளியாகிறது; அல்லது புதிய நாவலொன்று பரிசு பெறுகிறது. அதில் நம் சமுதாயத்தைப் பற்றி ஏதோ இருக்கிறது என்னும் செய்தி பரவுகிறது. உடனே நம்மிடையே இரு நிலைகள் தோன்றிவிடுகின்றன. ஒரு சாரார் 'தடை செய்க!' என்று முழங்குகின்றனர். மறு சாரார் 'நமக்கேன் வம்பு?' என்று வாய்மூடி இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. அந்நூலை முழுமையாகப் படித்து, அப்படத்தை முழுமையாகப் பார்த்து, நிறையையும் குறையையும் நிறுத்து எழுதுவதே அவ்வழி. அதனையே மதிப்புரை என்கிறோம்.

திரைப்படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் விவாதத்துள் இக்கட்டுரை புகவில்லை. அதற்குரிய மார்க்க அறிஞர்கள் இருக்கின்றனர். ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைப்பதற்கில்லை. திரைப்படம் திரையரங்கோடு நின்றுவிடுவதில்லை. தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் பார்க்கின்றனர். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் பார்க்கின்றனர். பார்த்ததைப் பற்றி அவர்களோடு நிதானமாகப் பேசத் தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால், திரை சொன்னதே அவர்கள் உள்ளத்தில் உண்மையாகப் பதிந்துவிடும்.

பாராமல் பேசியதன் விளைவு

சிரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயக்குநர் முஸ்தஃபா அக்காத், இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றை 'தி மெசேஜ்' என்னும் பெயரில் திரைப்படமாக்கினார். அரபி மொழியில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாகத் தனித்தனி நடிகர்களைக் கொண்டு அதனை எடுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அப்படத்தில் எங்கும் இடம்பெறவில்லை. ஆங்கிலப் படத்தில் ஆந்தனி குயின் நடித்தது, நபிகளாரின் சிறிய தந்தையாரான ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தில்தான்.

ஆனால் அவர் நபிகளாராகவே நடித்திருக்கிறார் என்னும் வதந்தி பரவிற்று. 1977 மார்ச் மாதம், படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த வேளையில், ஆயுதமேந்திய சிலர் வாஷிங்டன் நகரில் மூன்று கட்டிடங்களுள் புகுந்து ஏறத்தாழ 150 பேரைப் பிணையாகப் பிடித்தனர். அக்குழுவின் தலைவருக்கு வேறு கடுமையான சொந்தத் துயரங்களும் கோரிக்கைகளும் இருந்தன. ஆயினும், இப்படத்தை நிறுத்த வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. இளம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எகிப்து, பாகிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளின் தூதர்கள் திருக்குர்ஆன் வசனங்களை எடுத்துரைத்துப் பேசிய பின்னரே அத்துயரம் முடிவுக்கு வந்தது.

அறியாத ஒன்றின் பின்னே செல்லாதே. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது அல்குர்ஆன் (17:36). செய்தி கொண்டு வருபவனை நம்பி ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து, பின்னர் வருந்தாதிருக்க, அச்செய்தியைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறும் கட்டளையிடுகிறது (49:6). படம் பார்க்காமல், நூல் படிக்காமல் தீர்ப்புரைக்கும் எவரும் இவ்விரு வசனங்களையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவராவர்.

விமர்சனம் நமக்குப் புதிதன்று

விமர்சனக் கலை மேல்நாட்டார் தந்தது என எண்ணுவோர் நம்முள் உள்ளனர். ஹதீஸ் கலையை ஓரளவேனும் அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மை, நினைவாற்றல், வாழ்க்கை ஆகியவற்றை ஆராய்ந்து, ஏற்கத்தக்கவர் இவர், தள்ளத்தக்கவர் இவர் எனப் பிரித்துக் காட்டுவதற்கென்றே 'ஜர்ஹ் வ தஃதீல்' என்னும் தனித்துறை நம் இமாம்களால் வளர்க்கப்பட்டது. இமாம் அலீ இப்னுல் மதீனீயிடம் அவருடைய சொந்தத் தந்தையாரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அறிவிப்பில் அவர் பலவீனமானவர் என்றே கூறினார் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. தந்தை என்னும் பாசத்தால் அவர் தராசின் தட்டைத் தாழ்த்தவில்லை.

பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம், தாம் அறிந்த நூல்களையும் அவற்றின் ஆசிரியர்களையும் தொகுத்து 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூலை ஆக்கினார். முஸ்லிம்களின் நூல்கள் மட்டுமன்றிப் பிற சமயத்தார், பிற நாட்டார் நூல்களும் அதில் இடம்பெற்றன. இத்தகைய பரம்பரையின் வாரிசுகளாகிய நாம், நம்மைப் பற்றி எழுதப்படும் ஒரு நாவலுக்கு இரண்டு பக்க மதிப்புரை எழுத ஆளின்றித் தவிப்பது பொருத்தமாகுமா?

சாற்றுக்கவி வேறு, மதிப்புரை வேறு

பழந்தமிழ் மரபில் ஒரு நூல் அறிஞர் அவையில் அரங்கேற வேண்டும். அங்கே எழும் தடைகளுக்கு ஆசிரியர் விடை பகர வேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அரங்கேற்றம் கண்ட காப்பியமே. நூலைப் புகழ்ந்து சாற்றுக்கவி வழங்குவதும் அம்மரபில் ஒன்றுதான். இன்று அரங்கேற்றத்தின் கேள்விகள் மறைந்து, சாற்றுக்கவி மட்டும் எஞ்சியிருக்கிறது. நம் நூல் வெளியீட்டு விழாக்களைப் பாருங்கள்! பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு, நூலின் ஐம்பதாம் பக்கத்தைத் தொட்டுப் பேசுவார் மட்டும் இல்லை.

1885-ஆம் ஆண்டிலேயே, தமிழ் நாவல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இலங்கையின் அறிஞர் சித்திலெவ்வை 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். மூன்றாம் வகுப்புவரை மட்டுமே பள்ளி சென்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டபோது, டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். ஏடு தேடி ஊரூராக அலைந்த அப்பேரறிஞர், திரைக்குள் வாழ்ந்த ஓர் இளம் பெண்ணின் எழுத்தைப் படித்துக் கருத்துரைக்க நேரம் ஒதுக்கினார். இவ்விரு நூல்களையும் நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்? தொடர்ந்து பேசப்படாத நூல் மறக்கப்படுகிறது.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. செல்வந்தர் ஒருவரின் ஆதிக்கத்தையும், பாமர மக்களின் அறியாமையையும், பள்ளிக்கூடம் வருவதற்கு எழுந்த எதிர்ப்பையும் அது கூசாமல் சித்திரித்தது. அவரது 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இத்தகைய நூல்கள் வரும்போதெல்லாம், 'நம் வீட்டு அழுக்கை வெளியே துவைக்கலாமா?' என்னும் வினா எழும். மதிப்புரையாளர் கேட்க வேண்டிய வினா வேறு: 'இதில் கூறப்பட்டது உண்மையா? உண்மையெனில், அதை மாற்ற நாம் என்ன செய்தோம்?' உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியின் சாட்சிகளாக நில்லுங்கள் என்பது இறைக்கட்டளை (4:135). நம்மைக் குத்தும் உண்மையையும் உண்மையென்று ஒப்புபவரே நேர்மையான விமர்சகர்.

நாம் மட்டுமே கூறக்கூடியவை

ஒரு திரைப்படத்தில் ஒளிப்பதிவு நன்றாக உள்ளதா, இசை இனிமையாக உள்ளதா என்பதையெல்லாம் எவரும் எழுதலாம். ஆனால் முஸ்லிம் பாத்திரம் 'நம்பள், நிம்பள்' என்று உடைந்த தமிழ் பேசும்போது, அது பொய் என்று உறுதியாகக் கூறும் தகுதி நமக்கே உண்டு. காயல்பட்டினத்து வாப்பாவும் கம்பத்து அத்தாவும் பிறந்தது முதல் தமிழே பேசுகின்றனர். ஆம்பூர்ப் பக்கத்தில் பல குடும்பங்களின் வீட்டு மொழி உருது. காயல்பட்டினத்தில் மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழும் வழக்கம் உண்டு. பிற ஊர்களில் அது வியப்பாகத் தோன்றும். இத்தனை வேறுபாடுகளையும் ஒரே தொப்பிக்குள்ளும் ஒரே தாடிக்குள்ளும் அடைத்துவிடுகிறது திரை.

வெறுப்பை மட்டுமன்றிப் புகழ்ச்சியையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். 1961-இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் முஸ்லிம் வீட்டில் வளரும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். சமய நல்லிணக்கத்துக்காக அப்படத்தைப் பாராட்டுவது நியாயமே. எனினும், திரையில் தோன்றும் முஸ்லிம் ஒன்று தியாகியாகவோ, அன்றி வில்லனாகவோ மட்டும்தான் இருக்க வேண்டுமா? கடன் வாங்குபவனாக, மகளின் படிப்புக்காகக் கவலைப்படுபவனாக, சாதாரண மனிதனாக அவன் வரக்கூடாதா? இவ்வினாவை நாம் எழுப்பாவிடில் வேறு யார் எழுப்புவார்?

2013-இல் 'விஸ்வரூபம்' தமிழகத்தில் இரண்டு வாரம் தடை செய்யப்பட்டது. வழக்கும் பேச்சுவார்த்தையும் நடந்து, சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டபின் பிப்ரவரி 7-ஆம் நாள் வெளியாயிற்று. எதிர்த்தோருக்கு நியாயமான மனக்குறை இருந்தது. ஆனால் தடை என்னும் சொல்லே தலைப்புச் செய்தியாகி, எந்தக் காட்சி ஏன் புண்படுத்துகிறது என்னும் விளக்கம் பின்தங்கிவிட்டது. முழக்கம் சில வாரங்களில் அடங்கிவிடும். காட்சி காட்சியாக எழுதப்பட்ட நிதானமான மதிப்புரை நூலகத்தில் நிலைத்திருக்கும். நாளை திரைக்கதை எழுதப்போகும் ஓர் இளைஞர் அதனைப் படிக்கவும் கூடும்.

எழுதுவோர் கவனத்துக்கு

கல்லூரி மாணவ மாணவியரும் இல்லத்தரசிகளும் இத்துறைக்கு முன்வர வேண்டும். சில நெறிகளை நினைவில் கொண்டால் போதும்.

முதலாவது, முழுமையாகப் படித்த பின்னரே எழுதுங்கள். பிறர் எழுதிய மதிப்புரையைப் படித்து மதிப்புரை எழுதுவது, கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நூல் என்ன கூறுகிறது என்பதை முதலில் நேர்மையாகச் சுருக்கிச் சொல்லுங்கள். உங்கள் கருத்து அதன்பின் வரட்டும். கதையின் முடிவை மட்டும் வாசகருக்கு விட்டுவையுங்கள்.

மூன்றாவது, ஒரு பாத்திரம் பேசுவதெல்லாம் ஆசிரியரின் கருத்தென்று கொள்ளாதீர்கள். தீயவனைச் சித்திரிப்பது வேறு. தீமையைப் போற்றுவது வேறு.

நான்காவது, படைப்பை விமர்சியுங்கள். படைத்தவரின் குடும்பத்தையும் அந்தரங்கத்தையும் தொடாதீர்கள். அது புறம் பேசுதல் ஆகிவிடும்.

ஐந்தாவது, நண்பருக்கு ஓர் அளவுகோல், பிறருக்கு ஓர் அளவுகோல் என்று வைக்காதீர்கள். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடுதான் என்கிறது 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயம் (83:1-3). அது கடைத்தெருவின் தராசுக்கு மட்டுமா பொருந்தும்? எழுதுகோலும் ஒரு தராசே.

சாட்சியத்தை மறைக்காதீர்கள் என்று இறைவன் பணித்துள்ளான் (2:283). நம்மைப் பற்றிய உண்மை நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் எழுதாதிருப்போமாயின், அறியாதவர் எழுதியதே வரலாறாக நிலைபெறும். கண்டதை உரைக்கும் துணிவையும், பகைவரிடத்தும் நீதி தவறாத நெஞ்சுரத்தையும் வல்ல அல்லாஹ் நம் எழுத்தாளர்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.