ஐந்தாறுகளின் ஊரில் ஒரு நாள் நடை

நோயிலிருந்து தேறி வருவோர் எங்களிடம் தயங்கியபடியே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பழையபடி வயல் பக்கம் நடந்து போய் வரலாமா, டாக்டர்?" நாங்கள் விடை சொல்வதற்குள், "அதெல்லாம் வேண்டாம்" என்று உடன் வந்த மனைவியோ மகனோ முந்திக்கொள்வார்கள். அது அன்பினால் வரும் அச்சம். ஆனால், மாரடைப்புக்குப் பின் நிலைபெற்ற இதயத்துக்கும், நீரிழிவுக்கும், இரத்த அழுத்தத்துக்கும் நடையும் ஒரு மருந்தே. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆகவே, போகலாமா என்பதைவிட எவ்வாறு போவது என்பதே பயனுள்ள கேள்வி. ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொண்டு அதனை விளக்குகிறோம்.

வழியும் பருவமும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. சித்திரையில் நடைபெறும் ஏழூர்த் திருவிழாவில் இறைவனின் பல்லக்கு திருவையாற்றில் தொடங்கி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஊர்களைச் சுற்றி வரும். மக்களும் பல்லக்குடன் நடந்தே செல்வர். சித்திரை வெயிலில் அந்த முழுச் சுற்றையும் எங்கள் நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அதன் முதல் பகுதியான திருவையாறு முதல் திருப்பழனம் வரையிலான சில கிலோமீட்டர் தொலைவு போதும்.

பழனம் என்றால் வயல். பெயருக்கேற்ப இவ்வழியெங்கும் நெல்லும் வாழையும் தென்னையுமாக இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும். ஆகையால், மழை ஓய்ந்த மார்கழி இறுதியிலும் தையின் தொடக்கத்திலும் பெரும்பாலும் ஆற்றில் நீர் இருக்கும், சம்பா கதிர் முற்றியிருக்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும். நடப்பதற்கு ஏற்ற பருவம் அதுவே. பனி விலகிய பின் புறப்பட்டு, உச்சி வெயிலுக்கு முன் நிழலை அடைந்துவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வைக்கோல் தூசு பறக்கும் களத்துமேட்டை விலகிச் செல்வது நல்லது.

புறப்படும் முன்

வீட்டுத் தெருவில் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு மணி நேரம் இளைப்பின்றி நடக்க முடிந்த பிறகே இவ்வழிக்கு வரலாம். ஓய்விலும் நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல், புதிதாகக் கால் வீக்கம், தலைச்சுற்றல், ஆறாத கால் புண் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் முதலில் எங்களிடம் வாருங்கள்.

நடையின் வேகத்தை அறியக் கருவி வேண்டியதில்லை. நடந்தபடியே உடன் வருபவருடன் பேச முடிந்தால் வேகம் சரி. ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே உட்கார்ந்துகொள்ளுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், உட்கார்ந்த நிலையிலேயே அதனை வையுங்கள். நின்றபடி வைத்தால் மயக்கம் வரலாம். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

கால்களும் உணவும்

நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதுகூடத் தெரியாமல் போகலாம். வரப்பின் ஈரமண் எவ்வளவு அழைத்தாலும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. பழகிய காலணியும் பருத்திக் காலுறையும் அணியுங்கள். புதுக் காலணியை அன்று முதன்முறையாக அணிய வேண்டாம். வீடு திரும்பியதும் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் நல்ல வெளிச்சத்தில் மற்றொருவர் பார்க்கட்டும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைத் தள்ளிப்போட்டு நடக்கக் கூடாது. வியர்வையும் நடுக்கமும் தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் அமர்ந்திருங்கள். சர்க்கரைப் பொட்டலம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். திருவையாற்றின் புகழ்பெற்ற அசோகா பாசிப்பருப்பில் செய்வதுதான். எனினும் அதிலுள்ள சர்க்கரையும் நெய்யும் குறைவல்ல. ருசி பார்க்க ஒரு கரண்டி போதும்.

வழியில் கிடைக்கும் இளநீரும் வாழைப்பழமும் எல்லோருக்கும் பொருந்துவன அல்ல. அவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். அத்தகையோர் எங்களைக் கேளாமல் அவற்றை உட்கொள்ள வேண்டாம்.

வரப்பில் எச்சரிக்கை

எலிக்காய்ச்சல் கிருமி, தேங்கிய நீரிலிருந்து தோலிலுள்ள சிறு காயங்களின் வழியே உடலில் புகும். காலில் புண் உள்ளவர் சேற்றில் இறங்க வேண்டாம். புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணிகள் கடிப்பதால் வரும் காய்ச்சலும் குளிர்மாதங்களில் தமிழகத்தில் காணப்படுகிறது. புதர் ஓரத்துப் புல்லில் படுக்காதீர்கள். நடைக்குப் பின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், வயலில் நடந்து வந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு குறிப்பே நோயைக் கண்டறிய உதவக்கூடும்.

அறுவடைக் காலத்தில் எலியைத் தேடிப் பாம்பு வரும். பார்த்து அடி வையுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரத்தையும் மெட்டியையும் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், அரசு மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லுங்கள். பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரத்தை இழக்காதீர்கள்.

உடன் வருபவருக்கு

நோயாளியின் மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கும் நீங்கள், உங்கள் இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பராமரிப்போர் பலர் தம் உடல்நலத்தைக் கவனிப்பதில்லை. இந்த நடை உங்களுக்கும் உரியது. அவர் கையைப் பிடித்து இழுக்காமல், ஓர் அடி பின்தங்கி அவருடைய வேகத்துக்கே நடந்து பாருங்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். பல மாதங்களாக மற்றவர் சொன்னதையே கேட்டு வந்தவருக்கு அந்த உரிமையும் மருந்துதான்.

திருப்பழனம் வரை செல்ல இயலாமல் பாதியில் பேருந்து ஏறித் திரும்பினாலும் குறையில்லை. எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எங்கே மூச்சு வாங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்கு வாருங்கள். அடுத்த நடையின் தூரத்தைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.