கூரையில் ஏறுமுன் கடதாசி

"அண்ணை, இதுக்கு ஒரு பேப்பரும் தேவையில்லை. கவுன்சிலுக்கும் போகத் தேவையில்லை. நீங்கள் ஓமெண்டால் அடுத்த கிழமையே பூட்டித் தாறம்."

2023ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை எங்கள் வாசலில் நின்று ஒரு தமிழர் சொன்ன வார்த்தைகள் இவை. நாங்களும் ஓமென்று விட்டோம். அந்த ஒரு ஓமினால் வந்த நட்டத்தையும் அதிலிருந்து படித்ததையும், இங்கிலாந்தில் புதிதாக வீடு வாங்கிய, வாங்க நினைக்கிற எம்மவருக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் சாப்பாடு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். ஒருவருக்கு இரவு வேலை, மற்றவருக்குப் பகல் வேலை. ஓ.எல். உடன் படிப்பு நின்றது. கூரையில் சோலர் தகடு பூட்டினால் கரண்ட் காசு குறையும், மிஞ்சும் கரண்டை விற்கவும் முடியும் என்றார்கள். ஐந்து வருடம் கட்டிய சீட்டுக் காசில் 5,200 பவுணைக் கொடுத்தோம்.

ஏன் இவ்வளவு சுலபமாக நம்பினோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தோம். அகதியாக வந்த நாள் முதல் எங்கள் வாழ்க்கை கடதாசிக்குள்ளேயே போனது. உள்துறை அமைச்சின் கடிதம், வழக்கறிஞரின் கடிதம், விசாக் கடிதம். தபால்காரர் வந்தாலே நெஞ்சு இடிக்கும். அப்படிப்பட்ட எங்களுக்கு "பேப்பர் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னது பால் வார்த்தது போல இருந்தது. ஏமாந்த இடம் அதுதான்.

எட்டுத் தகடுகளை ஒரே நாளில் பூட்டினார்கள். கரண்டும் வந்தது. மிஞ்சும் கரண்டுக்குக் காசு கேட்டு எங்கள் மின்சாரக் கம்பனிக்கு எழுதினோம். "எம்.சி.எஸ். சான்றிதழை அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. பூட்டியவரின் தொலைபேசி அதற்குள் நின்றுவிட்டது. விசாரித்தபோதுதான் அவர் அந்தப் பதிவில் இல்லை என்பது தெரிந்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் இதில் ஆபத்து. எந்தப் பேப்பர் தேவையில்லை, எந்தப் பேப்பர் கட்டாயம் தேவை என்பதைப் பிரித்துப் பார்ப்போம்.

கவுன்சில் அனுமதி

இங்கிலாந்தில் சாதாரண வீடொன்றின் கூரையில் தகடு பூட்ட, பெரும்பாலும் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அளவு உண்டு. சரிந்த கூரையானால் தகடு கூரை மட்டத்திலிருந்து 20 சென்ரிமீற்றருக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. புகைபோக்கியைத் தவிர்த்து, கூரையின் ஆக உயர்ந்த பகுதியை விடவும் உயரக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமானால் கட்டாயம் அனுமதி வேண்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதமும், குத்தகை பிளாட் ஆனால் நிலவுரிமைக்காரரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வீட்டுக் காப்புறுதிக்கும், வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டட ஒழுங்குவிதி

திட்ட அனுமதி தேவையில்லை என்பதால் இதுவும் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். இது வேறு, அது வேறு. ஒரு தகடு ஏறக்குறைய 20 கிலோ. எட்டுத் தகடும் அவற்றைத் தாங்கும் சட்டமும் ஏறினால் பழைய கூரை மரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மின்வேலையும் விதிப்படி நடக்க வேண்டும். அதற்கெனப் பதிவுபெற்ற வேலைக்காரர் தானே வேலையைப் பதிந்து உங்களுக்குச் சான்றிதழ் எடுத்துத் தருவார். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் இதைக் கேட்பார்.

வீதியின் கம்பிக்கு உரியவர்

வன்னியில் நாங்கள் சிறு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் குப்பி விளக்கு. அயலில் ஒரு வீட்டில் சிறிய சோலர் தகடு ஒன்றும் பழைய கார் பற்றறி ஒன்றும் இருந்தன. அந்தக் கரண்ட் அந்த வீட்டுக்குள்ளேயே பிறந்து அந்த வீட்டுக்குள்ளேயே முடிந்தது. யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இங்கே அப்படியல்ல. கூரையில் பிறக்கும் கரண்டில் மிஞ்சுவது வீதிக் கம்பிக்குப் போகிறது. அந்தக் கம்பியில் வேலை செய்பவரின் உயிரும் இதில் இருக்கிறது. வீதியில் கரண்ட் நின்றால் உங்கள் இன்வேர்ட்டரும் தானாக நிற்க வேண்டும் என்பது அதனால்தான். எனவே, விசேட ஒழுங்கு செய்யாவிட்டால், கரண்ட் வெட்டும்போது தகடு இருந்தும் உங்கள் வீடும் இருட்டுத்தான்.

அந்தக் கம்பிகளைப் பராமரிக்கும் நிறுவனம், நீங்கள் மாதாமாதம் காசு கட்டும் மின்சாரக் கம்பனி அல்ல. லண்டனுக்கும் தென்கிழக்கிற்கும் யூ.கே. பவர் நெட்வேர்க்ஸ் பொறுப்பு. 3.68 கிலோவாட் வரையான சாதாரண ஒற்றைக்கட்ட இன்வேர்ட்டர் ஆனால், பூட்டி இயக்கிய 28 நாட்களுக்குள் பூட்டியவர் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு மேலானால் பூட்டுவதற்கு முன்பே அவர்களின் சம்மதம் வேண்டும். எங்களுடைய இன்வேர்ட்டர் சிறியது. ஆனால் ஒருவரும் அறிவித்திருக்கவில்லை.

மிஞ்சும் கரண்டுக்குக் காசு

2010இல் தொடங்கிய பழைய அரசாங்கக் கொடுப்பனவுத் திட்டம் 2019 மார்ச்சுடன் புதியவர்களுக்கு மூடப்பட்டது. அதைக் காட்டி இப்போது யாரும் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, பெரிய மின்சாரக் கம்பனிகள் மிஞ்சும் கரண்டை வாங்க வேண்டும். விலையைக் கம்பனிதான் தீர்மானிக்கும். எனவே நாலு இடம் விசாரியுங்கள். கரண்ட் வாங்கும் கம்பனிக்கே விற்க வேண்டும் என்றில்லை. இதற்கு எம்.சி.எஸ். அல்லது அதற்குச் சமமான சான்றிதழும், வெளியே போகும் கரண்டை அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளக்கும் மீற்றரும் வேண்டும். எம்.சி.எஸ். பதிவில் உள்ளவர் பூட்டினால்தான் அவர்களின் சான்றிதழ் கிடைக்கும். பிறகு இன்னொருவரைப் பிடித்து எடுக்கலாம் என்று நாங்கள் அலைந்த அலைச்சல் வீணாய்ப் போனது.

கையெழுத்துக்கு முன்

வாசலுக்கு வந்தவரின் பதிவு எண்ணைக் கேட்டு, எம்.சி.எஸ். பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். 2027 மார்ச் 31 வரை பூட்டும் வேலைக்கு வற் வரி பூச்சியம். விலையில் அதைச் சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் இரத்துச் செய்யும் உரிமை பொதுவாக உண்டு. அந்த உரிமையை அவர் எழுத்தில் தர வேண்டும். முற்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான பொருளுக்கோ வேலைக்கோ கார்ட் கம்பனியும் சேர்ந்து பொறுப்பு. நாங்கள் முழுவதையும் காசாகக் கொடுத்தோம். கேட்பதற்கு ஒரு கதவும் இருக்கவில்லை.

எங்களைப்போல ஏற்கெனவே அகப்பட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். நாங்கள் பதிவுபெற்ற மின்வேலைக்காரர் ஒருவரை அழைத்துச் சோதித்தோம். இரண்டு பிழைகளைத் திருத்தினார். கம்பி நிறுவனத்துக்குப் பிந்தி என்றாலும் அறிவித்தோம். செய்து முடிந்த வேலைக்குப் பின்னர் சான்று பெறும் வழி கவுன்சிலில் இருக்கிறது. அதற்கும் காசு கட்டி விண்ணப்பித்தோம். ஒருவரும் எங்களை ஏசவில்லை. அந்தக் கடிதங்களை அனுப்பும்போது கை நடுங்கியது உண்மை. வந்த பதில்களோ வெறும் பதில்கள்தான்.

விற்கும் காசு இன்றுவரை எங்களுக்கு இல்லை. இரவு வேலை முடிந்து வருபவர் மத்தியானம் எழும்பி, சோறு வைப்பதையும் உடுப்புத் தோய்ப்பதையும் வெயில் நேரத்திலேயே முடிக்கிறார். இருக்கிற கரண்டை இப்படி வீணாக்காமல் பார்க்கிறோம்.

அலுமாரியில் விசாக் கடிதங்களுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு கோப்பு இருக்கிறது. சில கடதாசி எங்களைத் துரத்தியது. சில கடதாசி எங்களைக் காக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்ததற்கு நாங்கள் கொடுத்த விலை ஐந்து வருடச் சீட்டு. நீங்கள் கொடுக்க வேண்டாம்.