ஊர் நிருபரும் மாநில அரசும்



இன்றைய பேச்சு நம் ஊர்ப் பத்திரிகை நிருபர்களைப் பற்றியது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங், அலோர் ஸ்டார் முதலிய பட்டணங்களில் இருந்துகொண்டு, நம் தோட்டத்துச் சங்கதிகளைக் கோலாலம்பூர்ப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்புகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். கோயில் திருவிழா என்றால் படம் பிடிக்க வருவார்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்தால் அவர் பின்னாலேயே வருவார்கள். லயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் முதலில் சொல்லி அனுப்புவதும் அவர்களுக்குத்தான். பேப்பரில் போட்டுவிட்டால் காரியம் நடந்துவிடும் என்று நம்மில் பலருக்கு நம்பிக்கை. சில நேரம் நடக்கிறது. பல நேரம் நடப்பதில்லை. ஏன்?

எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை முக்கியமான காரணம், செய்தி தவறான கதவைத் தட்டுவதுதான்.

நம் நாட்டில் அரசு ஒன்றல்ல. புத்ராஜெயாவில் கூட்டரசு இருக்கிறது. அலோர் ஸ்டாரில் கெடா மாநில அரசு இருக்கிறது. எந்த வேலை யாருடையது என்பதை அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. கல்வி, குடியுரிமை, தொழிலாளர் சட்டம், போலீஸ் இவையெல்லாம் கூட்டரசைச் சேர்ந்தவை. நிலம் மாநிலத்தைச் சேர்ந்தது. நகராண்மைக் கழகமும் மாவட்ட மன்றமும் மாநிலத்தின் கீழ் வருபவை. அந்த மன்றங்களுக்கு ஒரு காலத்தில் தேர்தல் நடந்தது. 1965இல் அது நிறுத்தப்பட்டது; 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

இதை வைத்து லயத்துத் தண்ணீரைப் பாருங்கள். தோட்டம் தனியார் நிலம். நகராண்மைக் கழகத்து ஆள் உள்ளே வந்து குழாய் போடமாட்டார். தொழிலாளர்களுக்கு வீடும் தண்ணீரும் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தொழிலாளர் குடியிருப்பு, அடிப்படை வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன்படி பொறுப்பு முதலாளிக்கு. கேட்க வேண்டிய இடம் தொழிலாளர் அலுவலகம். "சட்டமன்ற உறுப்பினர் கவனிப்பாரா?" என்று தலைப்புப் போட்டால் படிக்கச் சூடாக இருக்கும், அவ்வளவுதான். சிவப்பு அடையாளக் கார்டும் அப்படியே. அதற்குத் தேசியப் பதிவு இலாகாவிடம் போக வேண்டும். தேர்தல் மேடையில் அதை முடித்துத் தருவதாக மாநில வேட்பாளர் ஒருவர் வாக்குக் கொடுத்தால், "உங்களுக்கு அந்த அதிகாரம் உண்டா ஐயா?" என்று கேட்பது நிருபரின் வேலை.

எல்லாவற்றிலும் சிக்கலானது தோட்டம் கைமாறும் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் மாவட்டங்களில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாகி, வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியதை நாம் கண்ணாலேயே கண்டிருக்கிறோம். தோட்டத்துக்குள்ளே கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. பாட்டன் காலத்துக் கோயில், எண்பது ஆண்டு, நூறு ஆண்டு என்கிறோம். ஆனால் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, எத்தனை ஆண்டு பயன்படுத்தினாலும் அதனால் மட்டும் நிலம் நமக்குச் சொந்தமாகிவிடாது. கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே அது சொந்தம். மண்வாரி இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகு நிருபரை அழைக்கிறோம். அவரும் ஓடி வருகிறார். "பழைமையான கோயில் உடைபடும் அபாயம்" என்று மறுநாள் முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. அதற்குள் நில அலுவலகத்தில் எல்லாத் தாள்களும் கையெழுத்தாகி முடிந்திருக்கும்.

செய்தி வரவேண்டிய நேரம் அதற்கு ஓராண்டு முன்போ, இரண்டாண்டு முன்போ. அப்போது கேட்பதற்கு நல்ல கேள்விகள் உண்டு. நாற்பது ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்பதென்றால், தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று அதே நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. அனுமதி கேட்கப்பட்டதா? விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மனு போயிருக்கிறதா? அந்த மனுவுக்கு இசைவு தருவது மாநில அதிகாரம். அப்படியானால் கோயிலுக்கும் பள்ளிக்கும் தனிக் கிராண்ட் பிரித்துக் கொடுப்பது பற்றிப் பேச்சு நடந்ததா? கிராண்டில் யார் பெயர் என்பதை நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கோயில் தலைவரும் பார்க்கலாம், நிருபரும் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்துக்கோ இரண்டு கதவுகள். ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் கூட்டரசின் கல்வி அமைச்சிலிருந்து வருகின்றன. பள்ளி நிற்கும் நிலமோ பல இடங்களில் தோட்டக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. புதிய கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்று செய்தி படித்து மகிழ்ந்திருப்போம். நிலம் பிரித்துத் தரப்படாததால் கட்டடம் எழும்பாமல் கிடக்கும். முதல் செய்தியைப் போட்ட பத்திரிகை இரண்டாவதையும் போட்டதா என்று நீங்கள் கவனிக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால் நிருபர்களைக் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். அவர்கள் நிலைமையும் தெரிய வேண்டும். பலருக்கு இது முழுநேர வேலை அல்ல. வேறு பிழைப்பு வைத்துக்கொண்டு, தம் மோட்டார் சைக்கிளுக்குத் தாமே எண்ணெய் ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். தீபாவளி வந்தால் வாழ்த்து விளம்பரமும் திரட்டிக் கொடுக்க வேண்டும். நேற்று விளம்பரம் தந்தவரிடம் இன்று கடினமான கேள்வி கேட்பது எளிதா? அதற்கு மேல் பத்திரிகை முதலாளி யார் என்பதும் உண்டு. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்' பிற்காலத்தில் ம.இ.கா. தலைவராக இருந்த ச. சாமிவேலுவின் குடும்பத்தாரிடம் இருந்தது, 2019இல் நின்றுபோயிற்று. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் கீழ், 2012இல் திருத்தம் வரும்வரை, பத்திரிகைகள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில்தான் நம் குழாய்ச் செய்தி அச்சேறுகிறது.

ஆனாலும் தமிழ்ப் பத்திரிகை பெரிய காரியம் செய்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நூல்கள் சேர்வதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தோட்டத்து மக்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். எதற்காக, யாரிடம், எவ்வளவு என்று அந்தப் பத்திரிகை தெளிவாகச் சொல்லியிருந்தது.

மாநில அரசியல் நம் வாசலுக்கு வந்ததும் உண்டு. புக்கிட் செலம்பாவ் சட்டமன்றத் தொகுதியை நினைத்துப் பாருங்கள். ஆட்சிக்குழுவில் இருந்த வி. ஆறுமுகம் பதவி விலகியதால், 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. ஒரே நாற்காலிக்குப் பதினைந்து பேர்! மக்கள் நீதிக் கட்சியின் எஸ். மணிக்குமார் வென்றார். இப்படிப்பட்ட தேர்தல் நாட்களில் தலைநகரத்து நிருபர்கள் கூட்டமாக வருவார்கள். வாக்கு எண்ணி முடிந்ததும் போய்விடுவார்கள். கொடுத்த வாக்குறுதியைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு கேட்கக்கூடியவர், இங்கேயே குடியிருக்கும் ஊர் நிருபர்தான்.

இன்னொன்று, மொழி. தமிழ்ப் பத்திரிகையில் வந்த செய்தியை நாம் எல்லோரும் படிக்கிறோம். கைப்பேசியில் படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்புகிறோம். ஆனால் நில அலுவலக அதிகாரி அதைப் படிப்பதில்லை. சட்டமன்றப் பேச்சு மலாய் மொழியில் நடக்கிறது. 2021இல் கெடா மந்திரி பெசார் தைப்பூசச் சிறப்பு விடுமுறையை ரத்து செய்தபோது, நம் வீடுகளில் எவ்வளவு வருத்தம்! ஆண்டுதோறும் மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் அப்படிப்பட்ட விடுமுறை உண்டு. அரசிதழில் பதிவான மாநில விடுமுறையோ தானாகவே வரும். இந்த வேறுபாட்டை அறியாமல் எத்தனை பேர் வாதாடினார்கள்! தமிழில் எழுதிய வருத்தம் தமிழருக்குள்ளேயே சுற்றி வந்தால், கேட்க வேண்டியவர் காதில் எப்படி விழும்?

ஆகவே நிருபர் வரும்போது வெறும் கோபத்தை மட்டும் கொடுக்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் இல்லை, எத்தனை வீடுகள், மானேஜரிடம் என்றைக்குச் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வையுங்கள். கடிதம் கொடுத்திருந்தால் அதன் நகலும் இருக்கட்டும். உரிய அலுவலகத்துக்கு மலாயில் ஒரு மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி, அதையும் நிருபரிடம் காட்டுங்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையே அந்த மனுவை எழுதிவிடும். செய்தி வந்ததும் அந்தப் பக்கத்தை வெட்டித் தேதி குறித்து அதே நோட்டில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து நிருபரை மறுபடி அழைத்து, அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள்.