விவரணப் படம் எடுப்போர்க்கு

விவரணப் படம் எடுப்போர்க்குப் பெருஞ்சோதனை, எடுத்தவற்றுள் எதை நீக்குவது என்பதே. கட்டுரை திருத்திய நாளெல்லாம் நான் கண்டதும் இதுவே.

கோட்டையூர் ஏ. கே. செட்டியார் காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்க 1937இல் உறுதி பூண்டு, பல நாடுகளில் அலைந்து, 50,000 அடிப் படச்சுருள் திரட்டினார். அது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடியது. 1940இல் வெளிவந்த படமோ 12,000 அடியே.

நம் நொய்யலாற்றைப் படமாக்க எண்ணுகிறீர்கள் என்று கொள்வோம். முதலில் வெள்ளியங்கிரி அடிவாரம் தொட்டுக் காவிரியிற் கலக்குமிடம் வரை சென்று பார்த்துக் குறிப்பெழுதுங்கள். கேள்வி ஒன்றை வகுத்துக்கொண்ட பின்னரே கருவியைக் கையிலெடுங்கள். ஒவ்வொரு காட்சியையும் தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும் பிடித்து, இடமும் நாளும் குறித்து வையுங்கள். அக்குறிப்பின்றேல் தொகுக்கும்போது திகைப்பீர்கள்.

தொகுப்பில் அறமும் உண்டு. திருப்பூர்ச் சாயக்கழிவால் நிலம் கெட்ட ஒரத்துப்பாளையத்து உழவரின் சொல்லை வைத்து, 2011இல் நீதிமன்ற ஆணையால் பட்டறை மூடப்பட, வேலையிழந்த தொழிலாளியின் சொல்லை வெட்டிவிட்டால், காட்சி ஒவ்வொன்றும் மெய்யாயிருந்தும் படம் பொய்யாகிவிடும். ஆதலின், தொகுத்து முடித்ததை ஊரார்க்குக் காட்டுமுன் அவ்விருவருக்கும் போட்டுக் காட்டுங்கள்.