கூரை குளிர்ந்தால் குடியும் குளிரும்

சித்திரை வெயிலின் கொடுமையைப் பென்னாகரம் வட்டத்து அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒகேனக்கல்லில் காவிரி எத்துணை ஆரவாரத்துடன் வீழ்ந்தாலும், அதன் குளிர்ச்சி மேட்டு நிலத்து வீடுகளை எட்டுவதில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. வெயில் வானத்தின் செயல். அதை வீட்டினுள் அழைத்து அமர்த்துவதோ கூரையின் செயல்.

சில ஆண்டுகளுக்கு முன், பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர் ஒருவரின் கடன் மனு நம் பரிசீலனைக்கு வந்தது. புழு வளர்ப்பு மனை கட்டுவதற்கான கடன் அது. மதிப்பீடு, ஜாமீன், பத்திரம் யாவும் ஒழுங்காக இருந்தன. பரிந்துரைத்துக் கையொப்பமிட்டோம். கூரை எத்தகையது என்று மட்டும் கேட்கவில்லை. இரும்புத் தகடு வேய்ந்த அம்மனையில் அடுத்த கோடையில் வளர்த்த புழுக்களிற் பெரும்பகுதி நோயுற்றுக் கூடு கட்டாமலே மடிந்தன. தவணை தவறிய காரணத்தை விசாரிக்கச் சென்றபோது, "ஐயா, கணக்கைப் பார்த்தீர்கள், கூரையை யாரும் பார்க்கவில்லையே" என்றார் அப்பெரியவர். அச்சொல்லில் கோபமில்லை; ஆயினும் அதனை நாம் மறக்கவில்லை.

வளர்ந்த புழுக்களுக்கு 24 அல்லது 25 டிகிரி வெப்பமே ஏற்றது. 30 டிகிரியைத் தாண்டினால் அவை தழை உண்பது குறைந்து நோய் பற்றும். இருசந்ததிப் புழுக்கள் இதனைச் சிறிதும் தாங்கா. நெசவாளர் நிலையும் இத்தகையதே. வறண்ட வெப்பக் காற்றில் பருத்திப் பாவு முறுகி இழை அறுகின்றது. அறுந்த இழையை முடியும் நேரமெல்லாம் கூலி இழக்கும் நேரமன்றோ? ஆகவே, கூரை நமக்கு நிழல் மட்டுமன்று. அது ஒரு தொழிற்கருவி.

வெப்பம் மிகும்போது மின்விசிறியைச் சுழலவிடுகிறோம். அம்மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? காற்றாலும் கதிரவனாலும் ஒரு பகுதி கிடைப்பினும், பெரும் பங்கு நிலக்கரியை எரித்துப் பெறுவதே. ஒகேனக்கல்லைக் கடந்து காவிரி சென்றடையும் மேட்டூரில் 1987 முதல் அனல் மின் நிலையம் இயங்கி வருகின்றது. இந்திய மின்தொடரில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவு கரியமில வாயு வெளியாகின்றது. அவ்வாயு வானிற் சேர்ந்து, கம்பளி போர்த்தாற்போல் பூமியின் வெப்பத்தை வெளியேற வொட்டாமல் தடுக்கின்றது. வெப்பம் மிக விசிறி சுழல்கின்றது. விசிறி சுழல வெப்பம் மிகுகின்றது. கட்டடங்களைக் கட்டுவதாலும் அவற்றில் ஆற்றலைச் செலவிடுவதாலும் எழும் கரியமில வாயு, உலகில் எரிபொருளாலும் தொழிலாலும் எழுவதில் மூன்றில் ஒரு பங்கை எட்டுகின்றது.

கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் வரை கட்டணமில்லை என 2023-இல் அரசு சலுகையை உயர்த்தியது. வரவேற்கத் தக்கதே. எனினும் கட்டணமில்லா மின்சாரம் கரியில்லா மின்சாரம் ஆகிவிடாது.

இனிச் செய்யத் தக்கவை யாவை? முதலாவது, வெண்மை. சுண்ணாம்பு நமக்குப் புதிதன்று. புழுப்படுக்கையில் தூவும் பொருள்தானே அது! பங்குனியில் கூரையின் மேற்புறத்திற்கு இருமுறை வெள்ளையடித்தால், வெயிலின் பெரும்பகுதி திருப்பி யனுப்பப்படும். அறையின் வெப்பம் இரண்டு டிகிரியும் அதற்கு மேலும் தணியும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். 2013 முதல் வெப்பத் தடுப்புத் திட்டம் நடத்திவரும் ஆமதாபாத் நகரம், குடிசைப் பகுதிக் கூரைகளுக்கும் வெண்பூச்சுப் பூசியது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கெனக் கொள்கையே வகுத்தது.

இரண்டாவது, அமைப்பு. புதுமனையின் நீளம் கிழக்கு மேற்காகவும், சன்னல்கள் வடக்கு தெற்காகவும் அமையட்டும். மேற்கில் ஒரு புங்க மரமோ வேம்போ நிற்கட்டும். தகட்டுக் கூரை தவிர்க்க இயலாதெனில், அதன்மேல் தென்னங்கீற்று வேய்க.

மூன்றாவது, சுவர். இங்கிலாந்திற் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) என்னும் கட்டடக் கலைஞர், செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே காற்றிடம் விடும் கட்டுமுறையைப் பரப்பினார். செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிஞ்சும். இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

நான்காவது, விசிறி. பழைய விசிறி 75 வாட் உண்ணும். புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் சுழலும் விசிறியில் 0.72 யூனிட் மிச்சம். 'இதனால் உலகம் குளிர்ந்துவிடுமா?' என்பார் உளர். நூறு அங்கத்தினர் உள்ள சங்கம் ஒன்றை எண்ணுவோம். வீட்டிற்கொரு விசிறி மாற்றினால் நாளொன்றுக்கு 72 யூனிட். ஆண்டில் 300 நாளுக்கு 21,600 யூனிட். தவிர்க்கப்படும் கரியமில வாயு சுமார் 15 டன். சிறு பங்குத் தொகைகள் சேர்ந்து சங்கமான கதையை அறிந்த நமக்கு இக்கணக்கு விளங்காமற் போகுமா?

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் தன் பேரவைக் கூட்டத்தில் இரு தீர்மானங்களை நிறைவேற்றுதல் நலம். கோடைக்கு முன் சுண்ணாம்பைச் சங்கமே மொத்தமாக வாங்கி அடக்கவிலைக்கு வழங்குதல் ஒன்று. மனைக் கடன் மனு ஒவ்வொன்றிலும் கூரையின் வகையும் சன்னலின் திசையும் குறிக்கப்பெறுதல் மற்றொன்று. சங்கத்தின் சொந்தக் கட்டடத்திலிருந்தே வெள்ளையடிப்புத் தொடங்கட்டும்.

நம்மைப் பொறுத்தவரை, இப்போது எந்த மனைக் கடன் மனு வரினும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறோம். பின்னரே கணக்கைப் பார்க்கிறோம். அப்பெரியவர் கற்பித்த பாடம் அது. அவர் மனையின் தகட்டின்மேல் இன்று கீற்று வேய்ந்திருக்கின்றது. சென்ற கோடையில் அவருடைய கூடுகள் தருமபுரி அங்காடிக்குச் சென்றன.