எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல!
கரோல் பாக் சமையலறைக்குச் சிங்க் வாங்குமுன்...

கரோல் பாக்கில் முதன்முதலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாத்திரம் துலக்கும் இடம் தரையில்தான் இருந்தது. மூலையில் சிறு கரை கட்டிய அங்கணம், ஒரு குழாய், ஒரு வாளி. மேடைச் சமையலும் நின்றுகொண்டே துலக்கும் வழக்கமும் வந்த பிறகு எவர்சில்வர் சிங்க் இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் மாதச் சம்பளக்காரர் வாங்கும் வீட்டுச் சாமான்களில், பார்த்தவுடன் தரம் தெரியாத பொருள் இது.

கடையில் இரண்டு சிங்க்குகள் ஒரே மாதிரிப் பளபளக்கின்றன. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். "இதுவும் எவர்சில்வர், அதுவும் எவர்சில்வர்" என்கிறார் கடைக்காரர். குறைந்த விலைக்கு வாங்கி மேடையில் பதித்தாயிற்று. ஓரிரு வருடங்களில் தண்ணீர் போகும் துவாரத்தைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் தலைகாட்டுகின்றன. மாற்றப் போனால் கல் மேடையையும் பெயர்க்க வேண்டியிருக்கிறது. மிச்சம் பிடித்த பணம் கொத்தனார் கூலிக்கே போய்விடுகிறது.

துரு ஏன் பிடிக்கிறது?

1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் குரோமியம் கலந்த எஃகு துருவை எதிர்ப்பதைக் கண்டார். குரோமியம் காற்றுடன் சேர்ந்து எஃகின் மேல் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கிக் காக்கிறது. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. நிக்கல் விலை மிகுந்த உலோகம். ஆகவே 202 போன்ற ரகங்களில் அதைக் குறைத்து, மாங்கனீசைக் கூட்டுகிறார்கள். உலர்ந்த இடத்துக்கு இவை போதும். புளியும் உப்பும் ஊறுகாயும் படிந்து, நாள் முழுதும் ஈரமாகவே கிடக்கும் நம் வீட்டுச் சிங்க்குக்கு 304தான் ஏற்றது.

காந்தம் சொல்லாது

காந்தம் ஒட்டாவிட்டால் அசல் சரக்கு என்று பலர் நம்புகிறார்கள். 202லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நல்ல 304 தகட்டிலும் அழுத்தி வளைத்த மூலைகளில் லேசாக ஒட்டக்கூடும். எனவே இந்தச் சோதனையை நம்பி ஏமாற வேண்டாம். எஃகு வியாபாரிகள் ஒரு சொட்டுத் திரவம் விட்டுச் சோதிப்பார்கள். மாங்கனீசு மிகுந்த ரகத்தில் அது செந்நிறம் காட்டும். இது வாய்க்காதவர்கள் 304 என்ற எண்ணைப் பக்கா பில்லில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பார்ப்பதே மேல். வீட்டு எவர்சில்வர் சிங்க்குக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் எண் 13983. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதனுடன் உள்ள உரிம எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கனமும் அளவும்

கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் சுமார் 0.7 மில்லிமீட்டர். விரலால் தட்டினால் தகர டப்பா போல் ஒலிப்பதைத் தவிர்ப்பது நல்லது. அடியில் ரப்பர் அட்டை ஒட்டியிருந்தால் பாத்திரம் விழும் ஓசை குறையும். அடுத்த குடித்தனத்துக்கும் தொல்லையில்லை.

வீட்டிலுள்ள பெரிய பாத்திரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவது புத்திசாலித்தனம். இட்லிப் பானை கிடையாகப் படுக்க வேண்டும், குக்கர் குழாயில் இடிக்காமல் திரும்ப வேண்டும். எட்டு அங்குல ஆழம் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அதிக ஆழமானால் நாள்தோறும் குனிந்து துலக்குபவரின் இடுப்புக்குத்தான் கேடு. ஆகவே துலக்குபவரையும் கடைக்கு உடன் அழைத்துப் போவது அவசியம்.

கரோல் பாக்கிலிருந்து மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறினால் சாவ்ரி பஜார். குழாய்ச் சாமான்களுக்குப் பேர்போன அந்தக் கடைவீதியில் நாலு கடை விசாரித்த பின் பணத்தை எடுப்பது நல்லது.

வாடகை வீடானால்

கல்லுக்கு அடியில் ஒட்டும் சிங்க் பார்வைக்கு அழகு. ஆனால் வீடு மாறும்போது அதைக் கழற்றுவது எளிதல்ல. கல்லின் மேல் விளிம்பு படியும் வகையானால் பெயர்த்து எடுத்துப் போகலாம். செலவு யாருடையது, காலி செய்யும்போது சிங்க் யாருக்கு என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது பிற்பாடு மனஸ்தாபத்தைத் தவிர்க்கும். சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதில் தேங்கும் சிறிது தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது.

நல்ல சிங்க்கும் பராமரிப்பில்லாவிட்டால் பாழாகும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கூடவே கூடாது. இரும்புத் தோசைக்கல்லை ஈரத்துடன் இரவு முழுதும் அதில் போட்டு வைத்தால் துருக்கறை படியும். உப்புத் தண்ணீரின் வெள்ளைக் கறைக்கு எலுமிச்சை மூடி போதும். தேய்த்தபின் நன்றாகக் கழுவ வேண்டும். இரவு படுக்குமுன் ஒரு துணியால் துடைத்து வைத்தால், ஒரு முறை போட்ட பணம் பல வருடங்களுக்கு உழைக்கும்.