நாற்காலி யாருக்கு?

'பெண்களுக்கு ஒதுக்கின சீட்ல திருநங்கை நிக்கலாமா சார்?' ஆபீஸ் டீ டயத்தில் இந்தக் கேள்வி விழுந்தால் போச்சு, டீ ஆறிவிடும்!

மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரில் 2000-த்தில் மேயராக இருந்தவர் கமலா ஜான் என்ற திருநங்கை. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தவர். 'இது பெண்களுக்கான இடம், இவரோ ஆண்' என்று கோர்ட் சொன்னது. 2003-ல் ஹைகோர்ட்டும் அதையே சொல்ல, பதவி காலி!

2014-ல்தான் சுப்ரீம் கோர்ட், 'ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்பதை அவரவரே சொல்லலாம்' என்றது. 2022-ல் வேலூர் மாநகராட்சி 37-வது வார்டில் தி.மு.க.வின் கங்கா ஜெயித்தார். வித்தியாசம் வெறும் 15 ஓட்டு. (ஒரு கூட்டுக்குடும்பம் தூங்கிப்போயிருந்தால் அவ்வளவுதான்!)

'ஐயோ, பெண்கள் இடம் போகுதே' என்று கவலைப்படுகிறவர்கள் கொஞ்சம் நம்ம வார்டு பக்கம் வரட்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமே வந்தாச்சு. ஆனால் பல வார்டுகளில் மனுவை வாங்குவது யார்? கவுன்சிலரின் வீட்டுக்காரர்! 'அம்மா உள்ளே வேலையா இருக்காங்க, எங்கிட்டயே சொல்லுங்க' என்பார். போர்டில் அம்மா பேரு, போன் ஐயா கையில். மன்றக் கூட்டத்தில் கமிஷனரையே திணறடிக்கிற அம்மாக்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்த திருநங்கைகளை எண்ணக் கைவிரல் போதும். இந்த வீட்டுக்காரர்களை எண்ண?

அடுத்த தடவை தெருவிளக்கு எரியலைன்னு போனால், 'பரவாயில்லை சார், அம்மா வரட்டும், வெயிட் பண்றேன்' என்று சொல்லிப் பாருங்கள். ஐயா முகத்தைப் பார்க்கணுமே!